மணியும் சொல்லும்

நண்பகலில் மூவேளைச் செப மணி ஒலித்ததும் நம் தாயார் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வார். அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆலய மணி கேட்கிறது. அருகிலிருந்து நாம் சொல்வது மட்டும் கேளாதாம்! வேண்டுமென்றே செய்கிறார் எனக் கடிந்துகொண்டோம், உரக்கக் கத்தினோம். "சத்தம் கேக்குதுப்பா, சொல்லுதான் விளங்கல" என்பார்.

காரணம் பின்னரே நமக்குப் புரிந்தது. மணியைத் தொட்ட காற்று நம்மிடம் வருவதில்லை. காற்றின் துகள்கள் தத்தம் இடத்திலேயே ஆடி, அதிர்வை மட்டும் அடுத்ததற்குக் கைமாற்றுகின்றன. நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். செவிப்பறையையும் மூன்று சிற்றெலும்புகளையும் கடந்து, நத்தைக்கூடு போன்ற உட்செவியை அவ்வதிர்வு அடைகிறது. அங்குள்ள மயிரணுக்களுள் வாயிலருகே இருப்பவை உயர்ந்த சுரங்களையும், உள்கோடியில் இருப்பவை தாழ்ந்த சுரங்களையும் ஏற்கின்றன. முதுமையில் முதலில் மாள்பவை வாயிலருகே உள்ளவை. மாண்டவை மீண்டும் முளைப்பதில்லை.

மணியின் கனத்த நாதம் தாழ்ந்தது. உயிரொலிகளும் பெரும்பாலும் அவ்வாறே. சொல்லைச் சொல்லாக்கும் ச, த போன்ற மெய்களின் உரசலோ உயர்ந்தது. கத்தினால் பெருப்பவை உயிரொலிகள்தாம். எத்தனை ஆண்டுகள் கத்தியிருக்கிறோம்!

இப்போது எதிரே அமர்ந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசுகிறோம். கடந்த ஞாயிறன்று, மறையுரையில் பங்குத் தந்தை என்ன சொன்னார் என்று கேட்டார். முழுவதையும் சொன்னோம்.