பாளையும் பானையும்

சென்ற விடுமுறையில் ஜார்ஜ் டவுனிலிருந்து ஃபெர்ரியில் கடலைக் கடந்து, செபராங் பிறையில் கள் இறக்கும் தென்னந்தோப்பு ஒன்றைச் சுற்றிப் பார்த்தேன். மரமேறும் பெரியவரே விளக்கினார். விரியாத பாளையை இறுகக் கட்டி, நாள்தோறும் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவுகிறார். இனிப்பு நீர் சொட்டுகிறது. பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் தானே நொதித்துக் கள்ளாகிவிடும். (வகுப்பில் ‘நொதித்தல்’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம்!)

குவளையை நீட்டினார். என் கை எழவில்லை. தாத்தாவின் சம்பளம் தோட்டத்துக் கள்ளுக்கடையில் கரைந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். 1947-இல் கெடாவில் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்ற தொண்டர் படையும் நினைவில் வந்தது. பெரியவர் கோபிக்கவில்லை.

“பதநீர் இருக்கு, குடிங்க சார்.”

குடித்தேன். இரண்டு குவளை.