விரல் போன இடம்

அந்தக் கூண்டை முதலில் கண்ணால்தான் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம்தான் விரலை விட்டேன்.

கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் இருபது வருஷம் வெல்டிங் அடித்தவன் நான். செட்டிப்பாளையத்தில் 2003இல் கரி ரேஸ் டிராக் வருவதற்கு முன்பிருந்தே ரேஸ் கார் செய்கிற ஊர் இது. ஓட்டுகிறவர் பேர் பேப்பரில் வரும். பைப் வளைத்தவன் பேர் வராது. அது கிடக்கட்டும்.

கார் கவிழ்ந்தால் கூரை ஓட்டுகிறவர் தலைமேல் அமுங்காமல் தாங்குவது இந்தப் பைப் கூண்டு. சீட்டுக்குப் பின்னால் நிற்கிற பெரிய வளைவு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம்; இல்லாவிட்டால் 50க்கு 2. இது உலகப் போட்டி விதி. பைப்பு மூட்டு சுற்றிலும் முழுசாக வெல்டு ஆகியிருக்கணும். அங்கேதான் சங்கடம். மேல்மூட்டுக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவே டார்ச் நுழையாது. நல்ல வேலைக்காரன் தரையில் ஓட்டை போட்டு, கூண்டைக் கீழே இறக்கி, மேல்மூட்டைச் சுற்றி அடித்துவிட்டு, மறுபடி தூக்கிக் காலுக்குத் தகடு வைப்பான். சோம்பேறி, கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் அடிப்பான்.

எங்களுக்கு வந்த வேலை வேறெங்கோ கட்டின கூண்டைப் பலப்படுத்துவது. கதவுப்பக்கம் குறுக்குப் பைப், மூலைக்கு மூலை முக்கோணத் தகடு. தகடு வைக்க அளவெடுக்கும்போது விரல் மூட்டின் பின்பக்கம் போச்சு. வெல்டு பாதியில் நின்றிருந்தது. அதற்கப்புறம் பைப்புக்கும் பைப்புக்கும் நடுவில் வெறும் பிளவு. மேலே பெயிண்ட்.

முதலாளியிடம் சொன்னேன்.

"தகட்ட வெச்சு ஒட்டி பெயிண்ட் அடிச்சு உடுறா. எவன் விரல உட்டுப் பாக்கப் போறான்?"

"நான் உட்டுப் பாத்துட்டனுங்களே."

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அடிபடும்போது பைப்பு வளையலாம், வளைந்தால்தான் அடியை வாங்கும். மூட்டு விடக்கூடாது. விட்ட மூட்டின் பக்கத்தில் தகடு வைத்தால் அது பலமில்லை, மறைப்பு.

ராத்திரி தூக்கம் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். மறுநாள் வண்டி ஓட்டுகிற பையனே வந்தான். இருபது வயசிருக்கும். முதலாளி டீ குடிக்கப் போயிருந்தார். "தம்பி, இங்க விரல வெய்யுங்க" என்றேன். வைத்தான். பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்குள்ள உக்காந்துதானுங்ணா போன மாசம் ஓட்டுனேன்" என்றான்.

கால்கள் ஏற்கெனவே தரையோடு ஒட்டியிருந்ததால் கூண்டை இறக்க வழியில்லை. கண்ணாடியைக் கழற்றி, கூரையின் ஸ்பாட் வெல்டை ஒவ்வொன்றாக டிரில் போட்டு எடுத்து, தகட்டையே தூக்கினோம். மொத்தம் ஆறு மூட்டு அப்படி. பழைய வெல்டை அரைத்தெடுத்துச் சுற்றி அடித்தேன். அதற்கு மேல்தான் மூலைத்தகடு. ரெண்டு நாள் கூடுதலாக ஆச்சு.

அந்த ரெண்டு நாள் கூலியை முதலாளி கடைசிவரைக்கும் கொடுக்கவில்லை. கார் மூன்று சீசன் ஓடியது. ஒருதரம்கூடக் கவிழவில்லை.