நாலு பேப்பர் கட்டிங், நாப்பது வேஷம்

ஜனவரி பிறந்தாச்சுன்னா எங்க கூட்டேரிப்பட்டுப் பக்கம் ரெண்டு சீசன் களைகட்டும். ஒண்ணு அறுவடை. இன்னொண்ணு ஸ்கூல் ஆண்டு விழா. முதலாவதுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ரெண்டாவதுக்கு மட்டும் என் பழைய தையல் மெஷின் எண்ணெய் குடிச்சிட்டு ரெடியா உட்கார்ந்திருக்கும் :-)

நான் தொழில்முறை டெய்லர் இல்லை மக்களே. பொழுதுபோக்குக்குத் தைக்கிற ஆள். பிள்ளைகளுக்கு வேஷத் துணி தைக்கிறதுல ஒரு பைத்தியம், அவ்வளவுதான். "இத்தனை வேஷத்துக்கு எத்தனை கட்டிங் வெச்சிருக்கே?"ன்னு நிறைய பேர் கேட்டாச்சு. நாலே நாலு. அந்த நாலை எப்படித் தேர்ந்தெடுத்தேன்னு சொல்றதுதான் இந்தப் பதிவு.

பாடம் கிடைச்ச இடம் தையல் கிளாஸ் இல்லை, தெருக்கூத்து. எங்க விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துல திரௌபதி அம்மன் கோயில் தீமிதின்னா பாரதக் கூத்து கட்டாயம் உண்டு. ஒரு வருஷம் கூத்து முடிஞ்சு விடியற்காலை, கலைஞர்கள் அரிதாரம் கலைச்சுக்கிட்டு இருந்தாங்க. வேஷப் பெட்டியை எட்டிப் பார்த்தேன். ராத்திரி முழுக்க அத்தனை ராஜாக்களைப் பார்த்த எனக்கு, பெட்டிக்குள்ள இருந்த துணி ரொம்பக் கொஞ்சமா தெரிஞ்சது. வாத்தியார்கிட்டயே கேட்டுட்டேன். "துணி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. தலையும் தோளும் மூஞ்சியும்தான் ஆளை மாத்தும்"னார்.

உண்மைதானே! கட்டை வேஷக்காரர்களைக் கவனிச்சுப் பாருங்க. கீழே கொசுவம் விரிஞ்ச பாவாடை, மேலே முழுக்கை சட்டை. துரியோதனனா கர்ணனான்னு சொல்றது கிரீடமும், புஜக்கட்டையும், மார்புப் பதக்கமும், முகத்துச் சாயமும்தான். அந்தக் கட்டைகளை எடை இல்லாத கல்யாண முருங்கை மரத்துல செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் ஒட்டறாங்க. அடிப்படை உடுப்பு ஒண்ணு, அடையாளம் கழற்றி மாட்டுறது. இதைவிட நல்ல டிசைன் பாடம் எந்தப் புஸ்தகத்துல இருக்கு?

நம்ம ஊர்ல தையலுக்குப் பேப்பர் தேவைப்படறதே கம்மி. அளவு ஜாக்கெட்டைக் குடுத்தா வேலை முடிஞ்சது. வெளிநாட்டுல, 1863-லேயே எபனேசர் பட்டரிக்ங்கிற அமெரிக்க டெய்லர் அளவுவாரியா பேப்பர் கட்டிங் போட்டு விற்க ஆரம்பிச்சுட்டார். ஆனா வேஷத் துணிக்கு நமக்கும் பேப்பர் வேணும். கட்டபொம்மனோட அளவு சட்டையை யார் வீட்டு பீரோவுல தேடறது?

என் நாலு இதுதான்.

ஒண்ணு, வட்டப் பாவாடை. கணக்கு சுலபம். இடுப்புச் சுற்றை 6.28-ஆல வகுத்தா உள்வட்டத்தோட ஆரம். எலாஸ்டிக் வெச்சு மேலே ஏத்தி மாட்டணும்னா இடுப்பளவுக்குப் பதிலா சீட்டளவை எடுங்க. 27 இஞ்ச்னா ஆரம் நாலேகால் இஞ்ச் சொச்சம். கூட பதினேழரை இஞ்ச் உயரம் வெச்சாலும், 44 இஞ்ச் பன்னாத் துணியில 1.25 மீட்டர்ல முழுவட்டம் அடங்கிடும். பூ, கிளி, கும்மி எல்லாத்துக்கும் இதுவே. அடியில நெட் துணி ரெண்டு அடுக்கு வெச்சா தேவதை. கலர் மாத்தி மேலே கச்சை கட்டினா கூத்து ராஜா.

ரெண்டு, கையும் உடம்பும் ஒரே துண்டா வெட்டற அங்கி. விரிச்சுப் போட்டா ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருக்கும். கைக்குழி வளைவு இல்லை, டார்ட் இல்லை, கை பொருத்தற தலைவலி இல்லை. மார்பளவோட 6 இஞ்ச் கூட்டிக்கிட்டா ஒரே சட்டை ஆறு வயசுக்கும் ஆகும், ஒன்பது வயசுக்கும் ஆகும். கணுக்கால் வரை விட்டா முனிவர். முட்டிக்கு மேல நிறுத்தினா ராஜா. முன்னால பிளந்து விட்டா டாக்டர் கோட்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: டான்ஸ்ல கையைத் தூக்கினா அக்குள்தான் முதல்ல கிழியும். அங்கே 3 இஞ்ச் சதுரத் துண்டை டைமண்டா திருப்பி வெச்சுத் தைங்க. ஜிப்பாவுல பார்த்திருப்பீங்க. இதை மட்டும் விட்டுடாதீங்க.

மூணு, நாடா வெச்ச தொளதொளா பைஜாமா. அனுமார், அரக்கன், சிப்பாய் எல்லாருக்கும் பொது. முன்னால விசிறி மடிப்பைத் தனியா தைச்சு கொக்கியில மாட்டினா பரதநாட்டிய உடுப்பு. இதுக்குப் பின்னால ஒரு கதை உண்டு. 1935-ல அடையாறு தியாசபிகல் சொசைட்டியில ருக்மிணி தேவி மேடையேறினாங்க. அவங்க நடன உடைகளை உருவாக்க உதவினவங்க மேடம் கசான்ங்கிற இத்தாலியத் தையற்கலைஞர். பட்டுப்புடவையும் பைஜாமாவும் சேர்ந்த வழக்கத்துலேர்ந்து, தைச்சு மாட்டற உடைக்குப் போன பாதை அது.

நாலு, அரைவட்ட மேலங்கி. கழுத்துல நாடா. ராஜாவுக்கு முதுகுல தொங்கும். ஓரத்தை மணிக்கட்டுல மாட்டினா பட்டாம்பூச்சி இறக்கை.

எந்தக் கட்டிங்கை எடுத்தாலும் நான் மூணு கேள்வி கேட்பேன். எத்தனை வளைவு தைக்கணும்? உயரத்தை மட்டும் மாத்தினா வேற வேஷம் ஆகுமா? மூணாவது, முக்கியமானது: விழா முடிஞ்ச மறுநாள் இதைப் பிள்ளை போட முடியுமா?

இந்த மூணாவது கேள்வி எனக்கு எங்கேர்ந்து வந்ததுன்னு சொல்லியே ஆகணும். எங்க தெருவுல ரெண்டு பொண்ணுங்க, அக்கா தங்கச்சி. சின்னது மூணாங்கிளாஸ். ஒரு மாசமா எங்க வாசல்ல கிளி டான்ஸ் பழகிக்கிட்டே இருந்தது. விழாவுக்குப் பத்து நாள் முன்னால திடீர்னு நிறுத்திடுச்சு. "என்னடி, கிளி பறந்துடுச்சா?"ன்னேன். "நான் இல்லை அத்தை. அக்கா மட்டும்தான்"னு கோலத்தைக் காலால அழிச்சுக்கிட்டே சொல்லுச்சு.

சாயங்காலம் அவங்க அம்மா வந்தா. நூறு நாள் வேலைக்குப் போறவ. "ஒரு டிரெஸ்ஸுக்கு ஒரு நாள் வாடகை 400 ரூபாயாம் அக்கா. ரெண்டு பேருக்குக் கட்ட முடியுமா? பெரியவ ஆடட்டும்னுட்டேன். பணம் கட்டாத பிள்ளைங்க பேரை டீச்சர் அடிச்சுட்டாங்க."

அவ யாரையும் திட்டலை. அதுதான் எனக்குத் தாங்கலை. நாளைக்குத் திருப்பிக் குடுக்கப் போற ஜிகினாத் துணிக்கு, ஒரு வீட்டோட ரெண்டு நாள் சாப்பாடு!

டீச்சர்கிட்ட நானே போய்ப் பேசினேன். "அதே கலரா இருந்தா போதும்"னாங்க. கிளிப்பச்சை பாப்ளின்ல வட்டப் பாவாடை, அதே துணியில குட்டை அங்கி, மிச்சத்துல இறக்கை. இறக்கையும் வாலும் பிரஸ் பட்டன்ல. மூணு ராத்திரி வேலை. துணிச் செலவு வாடகையைத் தாண்டலை. சின்னது ரெண்டாவது வரிசையில ஆடுச்சு. வாடகைச் சாட்டின் போட்ட பிள்ளைங்க வேர்த்துக் கொட்டி நின்னப்போ, இது மட்டும் ஜம்முனு குதிச்சது.

பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலைப் படியில அதே பச்சைப் பாவாடை ஏறிப் போறதைப் பார்த்தேன். வாலும் இல்லை, இறக்கையும் இல்லை. வேஷத் துணின்னு யாருக்கும் தெரியாது.

அதனால சொல்றேன், பளபளப்பு எல்லாம் கழற்றி மாட்டற பாகத்துல இருக்கட்டும். உடம்புல படற துணி பருத்தியோ பாப்ளினோ போதும். உள்ளே ஒன்றரை இஞ்ச் பிடிப்பு விடுங்க. அடுத்த வருஷம் பிரிச்சு விடலாம். பிரவுன் பேப்பர் நாலு தடவைக்கு மேல தாங்காது. காடா துணியில வெட்டி, வயசு எழுதி, சுருட்டி வெச்சுக்கோங்க. இரவல் கேட்டா தாராளமா குடுங்க, ஆனா திருப்பி வாங்கிடுங்க :-)

உங்க ஊர் ஸ்கூல்லயும் பேர் அடிச்ச பிள்ளைங்க நாலு பேர் இருப்பாங்க. நாலு கட்டிங் போதும்.