14 விநாடிகள்

ஒமேகா நிறுவனத்தார் 2015இல் வெளியிட்ட கைக்கடிகாரம் ஒன்றின் படத்தை மாணவன் ஒருவன் எம்மிடம் நீட்டி, "இதற்கு ஏன் சேர் இவ்வளவு விலை?" என வினவினான். எமது ஓராண்டுச் சம்பளமும் அதற்குக் காணாது! முகப்பிலே, 14 விநாடியில் என்ன செய்வீர் என்னும் கேள்வி பொறித்திருந்தது.

1970 ஏப்ரிலில் அப்பலோ 13 விண்கலத்தின் ஒட்சிசன் கலன் வெடித்தது. மின்சாரத்தைச் சேமிக்கவேண்டிக் கருவிகள் பலவற்றை நிறுத்தினர். பூமிக்கு மீளும் பாதையைத் திருத்துதற்கு இயந்திரத்தை 14 விநாடி மட்டுமே இயக்கவேண்டும். ஜாக் சுவிகேற் தம் ஒமேகாவைப் பார்த்தே கணக்கிட்டார். (அதனை அவர் விலைகொடுத்து வாங்கினாரல்லர், நாசா கொடுத்தது.) மூவரும் உயிர் மீண்டனர்.

கண்மூடி 14 விநாடி எண்ணுமாறு வகுப்பைப் பணித்தோம். எமது பழைய சாவிக் கடிகாரத்தில் 11 ஆகுமுன்னரே பலர் விழித்துவிட்டனர். விலை கேட்டவன் இறுதியாகக் கண்திறந்தான். "பதினேழு" என்றோம்.

"பாதை தவறிவிட்டோமே, சேர்!" என்றான்.