பிந்தி வந்த விளையாட்டுகள் யாருக்காக வந்தன?

2007 மார்ச்சில் 'காட் ஆஃப் வார் 2' அமெரிக்காவில் வெளியானபோது, அது ஓடவேண்டிய கருவிக்கு வயது ஏழு. பிளேஸ்டேஷன் 3 அங்கே கடைகளுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. புதிய கருவியை விற்றாக வேண்டிய நிலையிலும் சோனி நிறுவனம், தன்னிடமிருந்த மிகச் சிறந்த ஆக்கங்களில் ஒன்றைப் பழைய பிளேஸ்டேஷன் 2க்கு மட்டுமே உரிய விளையாட்டாக வெளியிட்டது. விடைபெறப் போகும் கருவிக்கு இத்தனை உழைப்பு எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு.

செகந்திராபாத்தில் ஒரு வாடகை வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பி இருவருக்கு அக்கேள்வியே விளங்கியிராது. இந்தியாவில் 2007இல் பிளேஸ்டேஷன் 3இன் விலை ஏறத்தாழ 40,000 ரூபாய். அத்தொகை அவர்கள் தந்தையின் பல மாதச் சம்பளம். பொறியியல் படித்துக்கொண்டிருந்த அண்ணன், மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில், யாரோ விற்றுவிட்டுப் போன பிளேஸ்டேஷன் 2 ஒன்றை மறுவருடம் வாங்கி வந்தான். உலகம் பழையது என்று கைவிட்ட அக்கருவி, அவ்வீட்டில் அன்றுதான் புதிதாகப் பிறந்தது.

'பிந்திய' என்னும் சொல் தனித்து நின்று பொருள் தராது. 'இங்கே', 'நேற்று' ஆகியவற்றைப் போல, சொல்பவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்தால்தான் அதற்கு உரிய பொருள் கிடைக்கும். கருவியின் ஆயுள் குறித்த பேச்சில் அந்தச் சுட்டுப்புள்ளி பெரும்பாலும் முதல் நாளிலேயே வாங்க வசதியுள்ளவரின் வரவேற்பறைதான். பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் 2000 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. அதன் உற்பத்தி நின்றது 2013இன் தொடக்கத்தில். அந்தக் கணக்கின்படி 2007 அதன் முடிவு அன்று, ஏறக்குறைய நடுவயது.

பிந்தி வருவதில் கலை சார்ந்த நியாயமும் உண்டு. வெறும் 32 மெகாபைட் முதன்மை நினைவகம் கொண்ட அக்கருவியில், அதே குழு 2005இல் முதல் பாகத்தை உருவாக்கியிருந்தது. கருவியின் ஒவ்வொரு மூலையும் பழகிப்போன பிறகு வந்ததால்தான், இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் ரோட்ஸ் நகரின் மாபெரும் சிலை உயிர்பெற்றுத் துரத்தும் காட்சி சாத்தியமாயிற்று. இதில் வள்ளன்மை எதுவும் இல்லை. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் கருவி இருக்கும்போது அதற்கு விளையாட்டு விற்பது தெளிவான வணிகம். ஆயினும் அந்த வணிகக் கணக்கு, காத்திருந்தோரையும் வாசகராக, பார்வையாளராக, ஆட்டக்காரராக எண்ணியது.

அதே கணக்குதான் இந்தியாவுக்கும் ஒரு கதவைத் திறந்தது. ஐதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் உருவாக்கிய 'ஹனுமான்: பாய் வாரியர்' 2009இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. முழுவதும் இந்தியாவிலேயே உருவான முதல் பிளேஸ்டேஷன் விளையாட்டு அது. சிறந்த விளையாட்டு என்று அதனைச் சொல்ல இயலாது. ஆனால் தன் ஊரிலேயே ஒருவர் அதனைச் செய்திருக்கிறார் என்பதை அறிந்த நாளில், பொறுப்பாளர் பெயர்ப் பட்டியல் முடியும்வரை அந்தத் தம்பி திரையைவிட்டு நகரவில்லை. பிளேஸ்டேஷன் 4 வெளியான 2013ஆம் ஆண்டிலும் 'டான் 2' திரைப்படத்தையொட்டிய விளையாட்டு பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது.

பிந்தி வருவதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரே கருவிக்கு உரியது, அக்கருவியின் இறுதிக்காலத்தில் பிறந்தால், அதனோடு சேர்ந்தே மறையும் அபாயம் மிகுதி. புகழ்பெற்றவற்றுக்குத் தோணி கிடைத்துவிடுகிறது: 'காட் ஆஃப் வார் 2' 2009இல் பிளேஸ்டேஷன் 3க்கு மறுபதிப்பாக வந்தது; பிளேஸ்டேஷன் 4க்குச் சில மாதங்கள் முன்பு 2013இல் வெளியான 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' மறுவருடமே புதிய கருவிக்குக் கடந்து சென்றது. 'ஹனுமான்' போன்றவை பழைய கரையிலேயே தங்கிவிட்டன.

அண்ணனின் கருவியில் லென்ஸ் பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தம்பி இன்று சம்பாதிக்கிறான்; எந்தப் புதிய கருவியையும் முதல் நாளிலேயே வாங்க அவனால் முடியும். அலமாரியிலிருக்கும் அந்த வட்டை மட்டும் எதிலும் ஓட்ட முடியாது. திரைப்படச் சுருள்களைக் காக்கப் புனேயில் 1964இலேயே தேசியக் காப்பகம் எழுந்தது. விளையாட்டைப் பண்பாட்டு ஆவணமாக ஏற்க விரும்பும் பல்கலைக்கழக நூலகங்கள், வட்டுகளோடு அவற்றை ஓட்டும் கருவிகளையும், கருவிகளோடு அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரின் அறிவையும் சேர்த்தே சேகரிக்க வேண்டும். அவ்வறிவு இன்னும் நம் நகரங்களின் குறுகலான கடைத்தெருக்களில் உயிரோடிருக்கிறது.