செங்கல் சொல்லித்தரும் பள்ளிக்கூடம்

லாரி பேக்கர் கட்டிய சுவர்கள் கேரளத் தலைநகரில் நிலைத்துவிட்டன. அவற்றைக் கட்டும் வித்தை நிலைக்குமா?

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், தம்பானூர் பஸ் நிலையத்தின் பக்கத்தில் செங்கல் நிறத்தில் ஒரு பெரிய உருளை நிற்கிறது. உள்ளே நுழைந்தால் காபி மணம். இது இந்தியன் காபி ஹவுஸ். இங்கே மாடி என்று தனியாக எதுவும் கிடையாது. தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேஜையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கின்றன. சுவரில் விட்ட துளைகள் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. விசிறித் தலைப்பாகை அணிந்த சர்வர் சரிவில் சர்வசாதாரணமாக ஏறிவந்து காபியை வைக்கிறார். ஒரு சொட்டு தளும்பவில்லை. தரைதான் சரிகிறது, மேஜை மட்டமாக இருக்கிறது.

கையகல இடத்தில் இத்தனை பேரை உட்காரவைக்கும் இந்த யோசனை லாரி பேக்கருடையது. 1917ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து அங்கேயே கட்டடக்கலை படித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவத் தொண்டு செய்துவிட்டுத் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தார். அப்போது காந்தியைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதைக் கடைசிவரை மறக்கவில்லை. 1945ல் இந்தியாவுக்குத் திரும்பி வந்து தொழுநோயாளிகளுக்கான விடுதிகளைக் கட்டினார். கேரளத்து டாக்டர் எலிசபெத்தை மணந்து, இமயமலையின் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். கல்லையும் மண்ணையும் எப்படிக் கையாள்வது என்பதை அங்கே மலைவாசிகளிடம் கற்றார். கட்டடக்கலைப் பட்டதாரி தொழிலைக் கற்றது கிராமத்துக் கொத்தனார்களிடம்.

அதன் பலனை உள்ளூரில் பார்க்கலாம். பொருளாதார நிபுணர் கே.என். ராஜ் 1971ல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைக் கட்டும் பொறுப்பு பேக்கருக்கு வந்தது. மேட்டுச் சரிவை வெட்டிச் சமன் செய்யவில்லை. மரம் குறுக்கே வந்தால் சுவர் வளைந்து போகிறது. பூச்சு இல்லாத செங்கல் சுவர்களில் ஜாலித் துளைகள். நடுப்பகலில் தாழ்வாரத் தரையில் வெயில் கட்டம் கட்டமாக விழுகிறது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். கை சுடவில்லை.

இந்தச் சுவரோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் வீடு கட்டியபோது, இதேபோல் கட்டச் சொல்லிக் கொத்தனாரிடம் கேட்டேன். ‘எலிப்பொறிக் கட்டு’ என்று இதற்குப் பெயர். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, உள்வரிசைக்கும் வெளிவரிசைக்கும் நடுவே இடைவெளி விடுவார்கள். சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம்தான். ஆனால் செங்கல்லில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கிறது. எங்கள் கொத்தனார் சிரித்தார். “கல்ல நிக்க வச்சு நடுவுல பொந்து விட்டா செவரு நிக்குமா சார்? நாளைக்கு எம் பேருதான் கெடும்.” பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கூட்டிப்போய்க் காட்ட எங்கள் ஊரில் ஒரு சுவரும் இல்லை. வழக்கமான சுவரே எழுந்தது. ஒவ்வொரு சித்திரையிலும் அதன் சூட்டை அனுபவிக்கிறேன்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. பசுமைக் கட்டடம் என்று இன்று பேசப்படுவதன் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பொருளைக் குறைத்தால் திறமையைக் கூட்ட வேண்டும். பூச்சு பூசிய சுவரில் கோணல் மறைந்துவிடும். பூசாத சுவரில் ஒவ்வொரு செங்கல்லும் சாட்சி சொல்லும். கூரையிலும் அப்படித்தான். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லை. ஆகவே கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓடுகளை வைத்துக் கான்கிரீட்டை மிச்சப்படுத்தலாம். ஆனால் எங்கே ஓடு வைக்கலாம், எங்கே கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தெரிதலைப் பரப்பத்தான் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், ராஜ், பேக்கர் ஆகியோர் சேர்ந்து 1985ல் காஸ்ட்ஃபோர்டு அமைப்பைத் தொடங்கினார்கள். பேக்கர் படம் வரைந்து எளிய மொழியில் எழுதிய கையேடுகளை அது வெளியிட்டது. அதே காலத்தில் கொல்லத்தில் பிறந்த நிர்மிதி கேந்திரம், கொத்தனார்களுக்குப் பயிற்சி தரும் கட்டட மையங்களுக்கு முன்மாதிரியாகி, ஹட்கோ மூலம் பல மாநிலங்களுக்கும் போனது.

பேக்கர் 2007ல் மறைந்தார். அவர் பெயரிலான வாழ்விட ஆய்வு மையம் நகருக்கு வெளியே விளப்பில்சாலையில் இருக்கிறது. இந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் திருவனந்தபுரவாசிகளுக்குக் குப்பை நினைவுக்கு வரும். நகரத்தின் கழிவு மொத்தமும் இங்கே வந்து கொட்டப்பட்டது. மக்கள் போராடி 2011ல் ஆலையை மூடவைத்தார்கள். தூக்கியெறிவதன் விலையை அறிந்த ஊரில் இப்படி ஒரு பள்ளி அமைந்தது பொருத்தம்தான்.

இங்கே பாடம் மண்ணில் தொடங்குகிறது. கண்ணாடிக் குப்பியில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் முதலில் படியும், களிமண் கடைசியில் மேலே படியும். அந்த அடுக்குகளைப் பார்த்தே எந்த மண் சுவருக்கு ஆகும் என்று சொல்லிவிடலாம். கட்டடக்கலை மாணவன் கொத்துக்கரண்டி பிடிக்கிறான். கொத்தனார் வரைபடம் படிக்கிறார். கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்களும் கட்டட வேலை கற்று, குழுவாகவே வீடுகள் கட்டித் தந்திருக்கிறார்கள். ஆயுள் முழுக்கச் சித்தாளாக மண் சுமந்தே ஓய்ந்துபோன பெண்களைப் பார்த்தவர்களுக்கு, இந்த மாற்றம் எத்தனை பெரியது என்று தெரியும்.

செங்கல்லையே வேதமாக்கவும் இங்கே இடமில்லை. செங்கல்லுக்குக் களிமண் வயலிலிருந்து வருகிறது, சூளைக்கு விறகு வேண்டும். நெல்வயலைக் காக்கக் கேரளம் 2008ல் சட்டமே போட்டது. சுட்ட கல்லைவிடச் சுடாத மண் மேல் என்று பேக்கரே சொல்லிவந்தவர். ஆகவே மண்ணும் மூங்கிலும் பாடத்திட்டத்துக்கு வந்துவிட்டன.

சிக்கல் பயிற்சிக்குப் பிறகுதான். வளைகுடாப் பணத்தில் எழும் வீடுகளில் பெரும்பாலானவை கான்கிரீட்டையே விரும்புகின்றன. பயின்ற கைக்கு அந்த வேலை கிடைக்காவிட்டால், அது பழைய வேலைக்கே திரும்பும். கட்டுமான இடங்களில் இன்று நிறையப் பேர் வங்காளம், ஒடிசா, அசாமிலிருந்து வந்தவர்கள். இன்று இங்கே, நாளை வேறெங்கோ. ஒரு தளத்தில் கற்றது அடுத்த தளத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால், அங்கே கேட்பதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். இந்தக் கல்வியில் வீட்டுக்காரரும் ஒரு மாணவர். அந்தப் பரீட்சையில் நான் தோற்றவன்.

ஊர் திரும்பும் முன் மீண்டும் அந்தக் காபி ஹவுஸ். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே துளை வழியே காற்று வருகிறது. எதிரே தோளில் ரசமட்டம் செருகிய பையோடு ஒருவர் உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறார். சரிவில் மட்டமாக நிற்கும் மேஜையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறார். எங்கள் ஊர்க் கொத்தனாரை இங்கே ஒரு காபிக்கு அழைத்து வந்திருக்கலாம்.