பி வைட்டமின் டானிக்கும் மாட்டு வயிறும்

மழை முடிஞ்சதும் பக்கத்துத் தோட்டத்துத் தம்பியோட கறவை மாடு நொண்ட ஆரம்பிச்சுது. ரெண்டு மாட்டுப் பால் காசுலதான் அவர் குடும்பமே ஓடுது. "அண்ணா, பி வைட்டமின் டானிக் ஊத்துனா கால் சரியாகி பாலும் ஏறுமாம். வாங்கட்டுமா?"ன்னு கேட்டார்.

முதல்ல டாக்டரைக் கூப்பிட்டு, குளம்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கன்னேன். கல்லோ முள்ளோ குத்தியிருந்தா டானிக் என்ன செய்யும்?

மாடு நம்மள மாதிரி இல்லைங்க. அதோட முதல் வயித்துல இருக்கிற நுண்ணுயிர்களே பி வைட்டமின்களை உண்டாக்கிக் கொடுக்குது. அதுங்களுக்கு நார்த்தீவனம் வேணும். பி12 உண்டாக்க கோபால்ட் சத்தும் வேணும், அது தாது உப்புக் கலவையில கிடைக்கும். சோளத்தட்டைக் குறைச்சு, மாவை அள்ளி வச்சா வயிறு புளிச்சுப்போகும். தயமின்ங்கிற பி1 குறையும், குளம்பும் கெடும்.

அதுக்காக வைட்டமினே வீண்னு சொல்லல. நாளைக்கு 20 மில்லிகிராம் பயோட்டின் கொடுத்தா குளம்பு கெட்டிப்படுதுன்னு ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. ஆனா குளம்பு மெதுவாத்தான் வளரும். மாசக்கணக்குல விடாம கொடுக்கணும். ஒரு பாட்டிலோட நிறுத்துனா காசுதான் போகும்.

தம்பி இப்போ தட்டைக் கூட்டி, மாவை ரெண்டு வேளைக்குப் பதிலா மூணு வேளையாப் பிரிச்சு வைக்கிறார். தாது உப்பும் தினமும் போடுறார். பயோட்டின் வேணுமான்னு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். நீங்களும் டானிக் வாங்குறதுக்கு முன்னாடி, மாடு படுத்து நல்லா அசை போடுதான்னு பாருங்க.